'பட்'டும் 'புட்'டும்

இங்கிலீஷ் ஸ்பெல்லிங்குக்குப் பைத்தியம் பிடித்திருக்கிறதா?

ஒரு சின்ன விடுகதை. ஜி-எச்-ஓ-டி-ஐ என்று ஐந்து இங்கிலீஷ் எழுத்துக்கள். இதை எப்படி வாசிப்பீர்கள்?

'கோட்டி' என்பீர்கள். திருநெல்வேலிக்காரர்களாக இருந்தால் சிரித்தும் விடுவீர்கள். அந்தச் சீமையில் கோட்டி என்றால் பைத்தியம் அல்லவா?

ஆனால் விடுகதை போட்டவர் இதை 'ஃபிஷ்', அதாவது மீன் என்று வாசிக்கச் சொல்கிறார். ஏன் என்று கேட்டால், "'ரஃப்' என்ற சொல்லில் ஜி-எச் இரண்டும் சேர்ந்து 'ஃப்' ஆகிறது. 'விமென்' என்ற சொல்லில் ஓ என்ற எழுத்து 'இ' ஆகிறது. 'நேஷன்' என்ற சொல்லில் டி-ஐ இரண்டும் சேர்ந்து 'ஷ்' ஆகிறது. மூன்றையும் கூட்டினால் ஃபிஷ்தானே?" என்று மடக்குகிறார்.

இந்தக் குறும்பைப் பெர்னார்ட் ஷா தலையில் கட்டுவது வழக்கம். ஆனால் 1855-ஆம் வருஷத்துக் கடிதம் ஒன்றிலேயே இது இருக்கிறது. ஷா பிறந்ததோ 1856-இல்! பிறப்பதற்கு முன்பே ஹாஸ்யம் சொல்ல அவராலும் முடியாது.

பெரியவர்களுக்கு இது வேடிக்கை. குழந்தைக்கு வேடிக்கை இல்லை. பஸ்ஸில் வரும் பி-யைப் போட்டு, பி-யு-டி என்றால் 'பட்'. பேனாவில் வரும் பி-யைப் போட்டு, பி-யு-டி என்றால் 'புட்'. "ஏன் அம்மா?" என்று குழந்தை கேட்கிறது. அம்மாவுக்குப் பதில் தெரியவில்லை. அவள் படித்தபோது அவளுக்கும் யாரும் சொல்லவில்லை. "அது அப்படித்தான். கேள்வி கேட்காமல் மனப்பாடம் பண்ணு" என்கிறாள். மறுநாள் டிக்டேஷனில் பத்துக்கு மூன்று. குழந்தைக்குக் காது சிவக்கிறது. 'நான் மக்கு' என்ற எண்ணம் அதன் மனத்தில் முதல் முதலாக விழுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

குழந்தை கேட்டது நல்ல கேள்வி. அதற்குப் பதிலும் இருக்கிறது. அந்தப் பதிலைச் சொல்ல நீங்கள் பி.ஏ. படித்திருக்க வேண்டியதில்லை.

ஐந்து அறையில் இருபது குடித்தனம்

தமிழில் உயிரெழுத்து பன்னிரண்டு. குறிலுக்குத் தனி எழுத்து, நெடிலுக்குத் தனி எழுத்து என்று நம் முன்னோர்கள் தாராளமாகக் கட்டி வைத்தார்கள். இங்கிலீஷுக்கு அந்தப் பாக்கியம் இல்லை. லத்தீன் பாஷைக்காக ஏற்பட்ட எழுத்துக்களை அது வாங்கிக்கொண்டது. அதில் உயிரெழுத்து ஐந்துதான்: ஏ, ஈ, ஐ, ஓ, யு. லண்டன் பக்கத்துப் படித்தவர்கள் பேசும் இங்கிலீஷிலோ உயிரொலிகள் சுமார் இருபது. ஐந்து அறை உள்ள வீட்டில் இருபது குடும்பங்கள் ஒண்டுக் குடித்தனம் செய்தால் எப்படி இருக்கும்? குழாயடிச் சண்டை வராமல் இருக்குமா?

ஆனால் ஒண்டுக் குடித்தனத்திலும் ஓர் ஒழுங்கு உண்டு. இங்கிலீஷ் செய்துகொண்ட முதல் ஏற்பாடு, சொல்லின் கடைசியில் வந்து உட்காரும் மௌன ஈ.

பி-ஐ-என் என்றால் 'பின்', குண்டூசி. கடைசியில் ஓர் ஈ சேருங்கள்: 'பைன்' மரம். என்-ஓ-டி 'நாட்', ஈ சேர்ந்தால் 'நோட்'. சி-யு-டி 'கட்', ஈ சேர்ந்தால் 'க்யூட்'. எச்-ஓ-பி 'ஹாப்', நொண்டியடிப்பது. ஈ சேர்ந்தால் 'ஹோப்', நம்பிக்கை. அந்த ஈ தன் வாயைத் திறப்பதே இல்லை. ஆனால் முன்னால் இருக்கும் உயிரெழுத்தை நீட்டிவிடுகிறது. ஊஞ்சலில் பேசாமல் உட்கார்ந்தபடியே வீட்டையெல்லாம் நடத்தும் பாட்டிமார்கள் இல்லையா, அந்த மாதிரி.

பாட்டியின் அதிகாரம் நடுவில் சுவர் எழுப்பினால் செல்லாது. அந்தச் சுவர்தான் இரட்டை எழுத்து. பி ஒன்று போட்டால் 'ஹோப்பிங்', நம்புதல். பி இரண்டு போட்டால் 'ஹாப்பிங்', நொண்டியடித்தல். எங்கே ஓர் எழுத்து, எங்கே இரண்டு எழுத்து என்று குழந்தைகள் திண்டாடும் இடம் இதுதான். காரணம் தெரிந்தால் பாதித் திண்டாட்டம் தீர்ந்தது.

நம் வீட்டு 'எலை'

"பின்னால் வரும் எழுத்து முன்னால் இருக்கும் எழுத்தை மாற்றுவதாவது! இது என்ன கூத்து?" என்று கேட்கிறீர்களா? இதே கூத்தை நாம் தினமும் சமையலறையில் நடத்துகிறோம்.

'இலை' என்று எழுதுகிறோம். ஆனால் "எலை போடு" என்கிறோம். 'குடை' எழுதுகிறோம், 'கொடை' என்கிறோம். இடம் 'எடம்' ஆகிறது. புகை 'பொகை' ஆகிறது. உடம்பு 'ஒடம்பு' ஆகிறது. ஆனால் உப்பு 'ஒப்பு' ஆவதில்லை. இடி 'எடி' ஆவதில்லை. ஏன்? அடுத்த எழுத்தில் 'அ'வோ 'ஐ'யோ ஒளிந்திருந்தால்தான் முன்னால் இருக்கும் 'இ'யும் 'உ'வும் இப்படி வாய் திறக்கும். நடுவில் இரட்டை எழுத்துச் சுவர் இருந்தால் அதுவும் நடக்காது. குப்பை குப்பைதான். முட்டை ஒருநாளும் 'மொட்டை' ஆவதில்லை!

இந்த விதியை நமக்கு யாரும் பள்ளிக்கூடத்தில் சொல்லித் தரவில்லை. ஆனாலும் தவறாமல் பின்பற்றுகிறோம். எழுத்து பழைய உச்சரிப்பைக் காட்டுகிறது. நாக்கு வேறு பக்கம் போய்விட்டது. இங்கிலீஷில் நடந்ததும் இதுவேதான். நமக்கு ஓரடி நகர்ந்தது. அவர்களுக்கு ஒன்பது அடி நகர்ந்துவிட்டது.

மியூசிகல் சேர்

சுமார் 1400-ஆம் ஆண்டுவரை இங்கிலீஷ்காரர்கள் தங்கள் எழுத்துக்களை ஏறக்குறைய நம்மைப்போலவே வாசித்தார்கள். நெடிலாக வரும்போது முதல் எழுத்து ஆ, இரண்டாவது ஏ, மூன்றாவது ஈ, நாலாவது ஓ, ஐந்தாவது ஊ. என்-ஏ-எம்-ஈ என்று எழுதியதை அவர்கள் 'நேம்' என்று சொல்லவில்லை, 'நாம' என்றார்கள். கடைசி ஈ அப்போது மௌனச் சாமியார் அல்ல, மெல்லிய குரலில் பேசிக்கொண்டிருந்தது. நெற்றியில் இடும் நாமம் அல்ல, பெயரைக் குறிக்கும் 'நாமம்' இருக்கிறதே, அந்த ஸம்ஸ்கிருதச் சொல்லுக்கு இங்கிலீஷ் சொல் தூரத்து உறவு. உறவு எழுத்தில் இன்னும் தெரிகிறது, உச்சரிப்பில்தான் மறைந்துவிட்டது.

அதே மாதிரி 'டைம்' என்பது 'டீம' ஆக இருந்தது. 'ஹவுஸ்' என்பது 'ஹூஸ்'. இரண்டு ஓ போட்டு எழுதும் 'மூன்' என்பது 'மோன்'. இரண்டு ஈ போட்டு எழுதும் 'ஃபீட்' என்பது 'ஃபேட்'.

பிறகு ஒரு விசித்திரம் நடந்தது. மாதர் சங்க ஆண்டு விழாவில் மியூசிகல் சேர் விளையாட்டுப் பார்த்திருப்பீர்கள். இங்கிலீஷின் நெடில் உயிர்கள் எல்லாம் அப்படி எழுந்து அடுத்த நாற்காலிக்கு ஓடின. 'ஏ' எழுந்து 'ஈ'யின் நாற்காலியில் உட்கார்ந்தது. இடம் இழந்த 'ஈ' ஓடிப்போய் 'ஐ' ஆயிற்று. 'ஓ' எழுந்து 'ஊ'வின் இடத்துக்கு வந்தது. 'ஊ' நகர்ந்து 'அவு' ஆயிற்று. 'ஆ' மெல்ல மெல்ல நகர்ந்து 'ஏ' ஆயிற்று. இந்த ஓட்டம் நடந்து முடிய ஏறக்குறைய முந்நூறு வருஷம், சுமார் 1400 முதல் 1700 வரை, பிடித்தது. இதற்கு 'மகா உயிரெழுத்துப் பெயர்ச்சி' என்று பெயரிட்டவர் யெஸ்பர்ஸன் என்ற டென்மார்க் தேசத்துப் பண்டிதர்.

விளையாட்டின் நடுவே ஒருவர் படம் பிடித்துவிட்டார். வில்லியம் காக்ஸ்டன் என்பவர் 1476-இல் வெஸ்ட்மின்ஸ்டரில் இங்கிலாந்தின் முதல் அச்சுக்கூடத்தை வைத்தார். அச்சு வந்ததும் எழுத்துக்கூட்டல் மெல்ல மெல்லக் கெட்டியாகிவிட்டது. 1755-இல் டாக்டர் ஜான்ஸன் அகராதி போட்டபோது அநேகமாக முத்திரையே குத்தியாகிவிட்டது. அதாவது நம் குழந்தை இன்று எழுத்துக்கூட்டுவது பல நூற்றாண்டுகளுக்கு முற்பட்ட ஒரு பழைய போட்டோவை. போட்டோவில் இருப்பவர் ஆள் அடையாளமே மாறிவிட்டார். போட்டோ அப்படியே கூடத்தில் மாட்டியிருக்கிறது.

'நைஃப்' என்ற கத்திக்கு முன்னால் கே எதற்கு என்றால், ஒரு காலத்தில் அதை 'க்னீஃப்' என்று நிஜமாகவே சொன்னார்கள்.

ஓட்டத்தில் பின்தங்கியவர்களும் உண்டு. ஈ-ஏ என்ற இரட்டை எழுத்து இப்போது பெரும்பாலும் 'ஈ' என்றே ஒலிக்கிறது: மீட், ஸீட், டீ. ஆனால் கிரேட், பிரேக் என்ற சொற்கள் பழைய 'ஏ'யிலேயே தங்கிவிட்டன. நாம் குடிக்கும் டீயையே அந்தக் காலத்து லண்டனில் 'டே' என்றார்கள். 1714-இல் அலெக்ஸாண்டர் போப் என்ற கவிஞர், 'கீழ்ப்படி' என்று பொருள்படும் 'ஒபே' என்ற சொல்லுக்கு இயைபாக அடுத்த அடியின் முடிவில் டீயைப் போட்டிருக்கிறார். 'டீ' என்று வாசித்தால் பாட்டு இடறும். 'டே' என்றால் சரியாக இருக்கும்.

இனி, 'பட்'டும் 'புட்'டும்

இப்போது குழந்தையின் கேள்விக்கு வருவோம்.

ஷேக்ஸ்பியர் காலத்தில் 'பட்', 'புட்' இரண்டிலும் 'உ' ஒலிதான். 'கட்' என்பது 'குட்'. 'ஸன்' என்பது 'ஸுன்'. பதினேழாம் நூற்றாண்டில் தெற்கு இங்கிலாந்துக்காரர்கள் இந்தக் குறில் உகரத்தை மெல்ல 'அ' பக்கம் தள்ளினார்கள். கட், கப், ஸன், ரன், பஸ் என்று இன்று நாம் சொல்வது அந்த மாற்றத்தின் பயன். ஆனால் பேனாவின் பி, பஸ்ஸின் பி, எஃப் ஆகிய மூன்றும் உதட்டில் பிறக்கும் எழுத்துக்கள். உதட்டின் உதவியால் சில சொற்கள் மட்டும் நகராமல் நின்றுவிட்டன: புட், புஷ், புல், புடிங், புஷ் என்ற புதர், புல் என்ற காளை, புச்சர் என்ற கசாப்புக்காரர், ஃபுல். உதட்டெழுத்தில் தொடங்கும் எல்லாமே நிற்கவில்லை. 'பட்' என்பதே ஓடிவிட்டது. ஆனாலும் நின்றுபோன சொற்களை விரல் விட்டு எண்ணிவிடலாம்.

ஆகவே, 'பட்' சரி, 'புட்' ஏன் தப்பு என்று கேட்கும் குழந்தைக்குப் பதில் இது: "பட் விதி, புட் விதிவிலக்கு. வீட்டைக் காலி பண்ண மறுத்த பழைய வாடகைக்காரர் அது." இங்கிலாந்தின் வடபகுதியில் பல இடங்களில் இந்தப் பிரிவினையே நடக்கவில்லை. அங்கே இன்றும் இரண்டையும் ஒரே உயிரால்தான் உச்சரிக்கிறார்கள்.

இரண்டு ஓ போட்ட சொற்களின் குழப்பமும் இதோடு தீரும். 'மூன்', 'ஃபூட்' என்பவை நெடிலாகவே இருந்துவிட்டன. ரத்தம் என்ற 'பிளட்', வெள்ளம் என்ற 'ஃப்ளட்' இரண்டும் சீக்கிரமே குறுகிக் குறில் ஆகி, 'கட்', 'ஸன்' கோஷ்டியோடு சேர்ந்து 'அ'வாகிவிட்டன. 'குட்', 'புக்' போன்றவை தாமதமாகக் குறுகின. அதற்குள் வண்டி போய்விட்டது. அதனால் 'உ'விலேயே நிற்கின்றன.

'விமென்' மர்மம்

இது பெண்களைப் பற்றிய சொல். ஆகையால் கொஞ்சம் நின்று பார்ப்போம். எழுதுவது ஓ, சொல்வது 'இ'. ஏன்?

பழைய இங்கிலீஷில் 'வீஃப்' என்றால் பெண்; 'மன்' என்றால் மனிதப் பிறவி. இரண்டும் சேர்ந்து 'வீஃப்மன்'. நாளடைவில் நடுவில் இருந்த எஃப் தேய்ந்து போயிற்று. ஒருமையில் முன்னால் இருந்த டபிள்யு வாயைக் குவிக்க, 'வி' என்பது 'வு' ஆகி 'வுமன்' ஆயிற்று. பன்மையில் பழைய 'வி' அப்படியே நின்று 'விமென்' ஆயிற்று. ஒருமைக்கு ஓ போட்டவர்கள் பன்மைக்கும் அதையே போட்டுவிட்டார்கள்.

'வு' என்பதற்கு யு அல்லவா போட வேண்டும், ஓ எதற்கு? அதற்கு ஆராய்ச்சியாளர்கள் சொல்லும் காரணம் வேடிக்கையானது. அச்சுக்கு முந்திய காலத்து எழுத்தர்கள் கட்டைப் பேனாவால் எழுதியபோது யு என்பது இரண்டு குச்சி. என் இரண்டு குச்சி. எம் மூன்று குச்சி. வி-க்கும் யு-க்கும் ஒரே எழுத்துத்தான். இவை பக்கத்தில் பக்கத்தில் வந்தால் வேலிப் படல் மாதிரி வெறும் குச்சி வரிசையாகத் தெரியும். ஆகவே அந்த இடங்களில் யு-வை எடுத்துவிட்டு வட்டமாக ஓர் ஓ போட்டார்கள். மகன் என்ற 'ஸன்', வா என்ற 'கம்', தேன் என்ற 'ஹனி', அன்பு என்ற 'லவ்' எல்லாவற்றிலும் ஓ வந்த கதை இதுதான்.

'லவ்'வின் கடைசியில் ஈ எதற்கு? முன்னால் இருப்பதை அது நீட்டவில்லையே? இங்கே பாட்டிக்கு வேறு வேலை. வி என்ற எழுத்து யு-வோடு குழம்பிய காலத்தில், சொல் வி-யில் முடியக்கூடாது என்று வழக்கம் ஏற்பட்டது. முடிய நேர்ந்தால் துணைக்கு ஓர் ஈ. 'கிவ்', 'லிவ்', 'ஹாவ்' எல்லாம் இந்தக் கட்டுப்பாட்டில் அடங்கும். ஆகவே அவை வெறும் விதிவிலக்குகள் அல்ல, வேறொரு விதிக்கு உட்பட்டவை.

பண்டிதர்கள் வாங்கிய கடன்

காரணம் இல்லாத குழப்பமே இல்லையா என்றால், உண்டு. கடன் என்ற 'டெட்' சொல்லின் நடுவே ஒரு மௌன பி இருக்கிறது. பிரெஞ்சிலிருந்து வந்தபோது அது இல்லை. லத்தீன் மூலச் சொல்லில் பி உண்டு என்று காட்டிக்கொள்ளப் பிற்காலத்துப் பண்டிதர்கள் வலிய நுழைத்தார்கள். சந்தேகம் என்ற 'டவுட்'டிலும் அப்படியே. தீவு என்ற 'ஐலண்ட்'டில் எஸ் வந்தது சுத்தப் பிசகு. அது இங்கிலீஷின் சொந்தச் சொல். லத்தீன் சொல் என்று தப்பாக நினைத்து எஸ்ஸைச் செருகிவிட்டார்கள். கடன் வாங்கியவர்கள் பண்டிதர்கள். வட்டி கட்டுகிறவர்கள் குழந்தைகள்.

இதையெல்லாம் திருத்த முயன்றவர்களும் உண்டு. அமெரிக்காவில் நோவா வெப்ஸ்டர் என்பவர் 'கலர்' என்ற சொல்லிலிருந்து யு-வை நீக்கினார், அது நிலைத்தது. 'விமென்' என்பதை ஒலிப்படியே ஐ போட்டு எழுதச் சொன்னார், யாரும் கேட்கவில்லை. 1906-இல் ஜனாதிபதி தியோடர் ரூஸ்வெல்ட் முந்நூறு சொற்களைச் சுருக்கி அச்சிட உத்தரவு போட்டார். காங்கிரஸ் சபை எதிர்த்தது. உத்தரவை வாபஸ் வாங்கிக்கொண்டார். 1950-இல் காலமான பெர்னார்ட் ஷா, புது எழுத்துக்கள் உண்டாக்குவதற்கு உயிலில் பணம் எழுதி வைத்தார். அந்த எழுத்தில் அவருடைய நாடகம் ஒன்று 1962-இல் புத்தகமாகவே வந்தது. அதோடு சரி.

ஏன் எடுபடவில்லை? பழைய ஸ்பெல்லிங்கிலும் ஒரு லாபம் இருக்கிறது. 'ஸைன்' என்ற சொல்லில் ஜி மௌனம். ஆனால் 'ஸிக்னேச்சர்' என்னும்போது அதே ஜி பேசுகிறது. இரண்டு என்ற 'டூ'வில் டபிள்யு மௌனம். 'ட்வின்', 'ட்வைஸ்', 'ட்வெல்வ்' என்ற உறவினர்களிடம் அது பேசுகிறது. ஓ-என்-ஈ என்று எழுதி 'வன்' என்கிறோம். அதன் பழைய 'ஓ' ஒலி 'ஓன்லி', 'அலோன்' என்ற பிள்ளைகளிடம் பத்திரமாக இருக்கிறது. உச்சரிப்பு மாறினாலும் எழுத்தில் குடும்ப ஜாடை அழியவில்லை.

வீட்டில் என்ன செய்யலாம்?

முதலில் அந்த மீன் விடுகதையை முடித்துவிடுவோம். ஜி-எச் என்பது சொல்லின் தொடக்கத்தில் வந்தால் ஒருநாளும் 'ஃப்' ஆகாது. 'கோஸ்ட்' என்ற பேயில் வருவதுபோல் 'க்' தான். ஓ என்பது 'இ' ஆவது 'விமென்' என்ற ஒரே சொல்லின் சொந்தக் கதை. டி-ஐ என்பது 'ஷ்' ஆக வேண்டுமானால் பின்னால் இன்னோர் உயிரெழுத்து வேண்டும். ஆகவே இங்கிலீஷ் தெரிந்த எவரும் அந்த ஐந்து எழுத்தை மீன் என்று வாசிக்க மாட்டார்கள். நாம் முதலில் சொன்ன 'கோட்டி'தான் சரி. ஒரே எழுத்துக்கு இடத்துக்கு இடம் ஒலி மாறலாம் என்பது நமக்குப் புதிதும் அல்ல. 'கடல்', 'அகல்', 'தங்கம்' மூன்றிலும் ஒரே ககரம் மூன்று விதமாக ஒலிக்கவில்லையா?

1966-இல் அமெரிக்காவில் ஓர் ஆராய்ச்சி செய்தார்கள். பதினேழாயிரம் சொற்களை எடுத்து, ஒலியிலிருந்து எழுத்துக்குப் போகும் விதிகளை மட்டும் கம்ப்யூட்டரிடம் கொடுத்து எழுதச் சொன்னார்கள். ஏறக்குறைய பாதிச் சொற்களை அது முழுக்கச் சரியாக எழுதிவிட்டது. இன்னும் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஒரே ஒரு தப்புத்தான். இது பைத்தியத்தின் லட்சணம் இல்லை.

ஆகவே குழந்தைக்குச் சொற்களைக் கலந்து கட்டியாகக் கொடுக்காதீர்கள். கோஷ்டி கோஷ்டியாகப் பிரித்துக் கொடுங்கள். இன்று மௌன ஈ கோஷ்டி. நாளை இரட்டை எழுத்துக் கோஷ்டி. மறுநாள் ஓடாமல் நின்ற 'புட்' கோஷ்டி. விதிக்கு அடங்காத சொற்களுக்குத் தனி நோட்டுப் போட்டு, தினம் இரண்டு போதும். அந்த நோட்டில் சேருபவை பெரும்பாலும் வன், டூ, கம், ஹாவ், விமென் போன்ற தினசரி வீட்டுச் சொற்களாகவே இருப்பதைக் காண்பீர்கள். அடிக்கடி கண்ணில் படுகிற சொற்கள் ஆனதால் மனத்தில் தங்குவதும் சுலபம்.

ஒன்றிரண்டு தப்பு அப்போதும் வரத்தான் செய்யும். அந்தத் தப்பைச் சற்று உற்றுப் பாருங்கள். 'விமென்' என்பதை ஐ போட்டு எழுதிய குழந்தை, வெப்ஸ்டர் அகராதியில் எழுதியதையே எழுதியிருக்கிறது. 'ஐலண்ட்'டில் எஸ்ஸை விட்ட குழந்தை, அந்தச் சொல்லைப் பண்டிதர்களைவிடச் சரியாக எழுதியிருக்கிறது. பரீட்சையில் அதற்கு மார்க் கிடைக்காது. திருத்திக் கொடுக்கத்தான் வேண்டும். ஆனால் காதைத் திருகுவதற்கு முன்னால், "நீ நினைத்ததும் நியாயம்தான், இது எப்படி இப்படி ஆயிற்று என்று சொல்கிறேன், கேள்" என்று அருகில் உட்கார்த்தி வைத்துக்கொள்ளுங்கள். கதையோடு கேட்ட ஸ்பெல்லிங்கைக் குழந்தை லேசில் மறக்காது. 'நான் மக்கு' என்றும் நினைக்காது.